ஆறாம் மாடியில் பிறந்த தூக்கு நாற்காலி

எங்கள் சேவைப் பிரிவின் தலைவியே! பழுதென்று அழைத்தவரைப் பாரமென்று எண்ணாத பண்பே! புகாரின் பின்னால் புழுங்கும் மனத்தைப் புரிந்துகொண்ட பரிவே! மெக்கானிக்குகள் அன்போடும் கொஞ்சம் அச்சத்தோடும் சூட்டிய 'மாடிப்படி மேடம்' என்னும் பட்டத்தைப் பதவி உயர்வினும் பெரிதாக ஏற்றுக்கொண்டவரே! பணி நிறைவு பெறும் இந்நாளில் உங்கள் முன் நின்று வணங்குகிறோம்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் இருந்துகொண்டு லிஃப்ட்டில் ஏறாதவர் என்று உங்களைப் பார்த்து முதலில் சிரித்தோம். "லிஃப்ட் நின்னுபோன வீட்டுக்காரங்க எப்படி ஏறுறாங்களோ, அப்படி நானும் ஏறிப் பாக்கணும்ல?" என்று மூச்சு வாங்கியபடி நீங்கள் கேட்டபோது சிரிப்பை நிறுத்தினோம். உங்களோடு ஏற நேர்ந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டோம்!

உங்கள் பெருமைகளுள் ஒன்றை மட்டும் இச்சபையில் விரித்துச் சொல்ல விழைகிறோம். பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டின் மோட்டாரையும் கம்பிவடங்களையும் மாற்ற வேண்டி வந்தது. சில வாரங்கள் அது ஓடாது. வழக்கம்போல் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று கீழ்த்தளச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம். மறுநாள் ஆறாம் மாடியிலிருந்து ஒரு தையற்கார அம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

"உங்க வருத்தத்தை நீங்களே வச்சுக்கோங்க. என் வீட்டுக்காரர் வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் போகணும். அவரை எப்படிக் கீழ இறக்குறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அதை அப்படியே உங்களிடம் வந்து சொன்னோம். நீங்கள் விரைந்து முதலாளியின் அறைக்குள் நுழைந்தீர்கள். ஆளைத் தூக்கி இறக்க நாற்காலி செய்யலாம் என்றதும் அவர் வெடித்தார்: "நாம லிஃப்ட் கம்பெனியா, பல்லக்குக் கம்பெனியா?"

"லிஃப்டை மூடுறது நாமதானே சார்? மாடியில மாட்டிக்கிட்டவங்க மட்டும் எப்படி நம்ம பொறுப்பில்லாமப் போவாங்க?"

ஒரே ஒரு முறை முயன்று பார்க்க அனுமதி கிடைத்தது. எங்கள் பட்டறையில் நாற்காலி ஒன்று உருவானது. உறுதியான இரும்பு, நான்கு கைப்பிடிகள், எங்களுக்கோ நெஞ்சு கொள்ளாத பெருமிதம். அதைச் சுமந்துகொண்டு ஆறாம் மாடிக்குப் போனோம். தையற்கார அம்மாளின் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நாற்காலியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னைப் பாத்தா மூட்டை மாதிரி தெரியுதா? ஆசுபத்திரிக்குப் போகலேன்னா போகுது. நான் வரலை."

அவர் மனைவி தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலை சிகிச்சை. அதைத் தவறவிட்டால் என்னவாகும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாங்களாக இருந்தால் கெஞ்சியிருப்போம், அல்லது கையை விரித்துத் திரும்பியிருப்போம். நீங்களோ சட்டென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள்!

"முதல்ல என்னைத் தூக்கட்டும் சார். நீங்க வாசல்ல நின்னு பாத்து, எது தப்புன்னு சொல்லுங்க."

எங்களில் இருவர் தூக்கினோம். படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலியின் கால் சுவரில் இடித்தது. நீங்கள் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்தீர்கள்.

"பயமா இருக்கா?" என்றார் மேலே நின்றவர்.

"உயிரே போகுது சார்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவருக்குள்ளிருந்த டிரைவர் விழித்துக்கொண்டார். "திருப்பத்துல என்னப்பா அவசரம்? கீழ இருக்கறவர் நிக்கணும், மேல இருக்கறவர்தான் சுத்தி வரணும். அந்தம்மா ஏன் பள்ளத்தையே பாத்துக்கிட்டு வரணும்? மேல்படியைப் பாக்குற மாதிரி உக்கார வைங்க. இன்னொண்ணு, உக்காந்திருக்கறவங்க 'ரைட்'டுன்னு சொன்னாத்தான் வண்டி நகரணும்."

"மொதல்ல அதுக்கு ஒரு பெல்ட் வேணும்" என்று தையற்கார அம்மாள் அளவுநாடாவோடு வந்தார். அன்று மாலைக்குள் கெட்டித் துணியில் இரட்டைத் தையலிட்ட பட்டையும் முதுகுக்கு மெத்தையும் தயாராயின. மறுநாள் தலைவாரி, சட்டையைத் தேய்த்து உடுத்தி, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்த அந்தப் பெரியவர், தெருவுக்கே கேட்கும்படி "ரைட்!" என்றார். லிஃப்ட் மீண்டும் ஓடும்வரை அவருக்கு ஒரு சிகிச்சையும் தவறவில்லை.

அத்தோடு நீங்கள் நிறுத்தினீர்களா? அதே படிக்கட்டில் குடியிருப்போரை உட்காரவைத்துக் கேட்டீர்கள். கைக்குழந்தைக்காரி, ஊன்றுகோல்காரர், தண்ணீர் கேன் சுமப்பவர் என்று ஆளுக்கொரு குறை சொன்னார்கள். லிஃப்டை நிறுத்துமுன் வீடுவீடாகச் சென்று, யாருக்கு என்ன தேவை என்று கேட்கும் நம் சேவை அப்படித்தான் பிறந்தது. இன்று எல்லாக் கட்டடத்துக்கும் அந்தச் சேவையும் நாற்காலியும் போகின்றன. பட்டைகளையும் மெத்தைகளையும் அந்த அம்மாளே தைத்துத் தருகிறார். பல்லக்கு என்று பரிகசித்த முதலாளி, விருந்தினரிடம் "இதை நாங்கதான் முதல்ல செஞ்சோம்" என்று மார்தட்டியபோது, "'நாங்க'ன்னா அந்த ஆறாம் மாடி வீட்டையும் சேத்துச் சொல்லுங்க சார்" என்று திருத்திய நெஞ்சுரமே, நீ வாழி!

தொட்டதெல்லாம் துலங்கியது என்று பொய்யுரைக்க மாட்டோம். லிஃப்ட்டில் என்ன பாட்டு வேண்டும் என்று குடியிருப்போரைக் கேட்டீர்கள். மாடிக்கு மாடி மல்லுக்கட்டு மூண்டு, கடைசியில் ஒலிபெருக்கியையே கழற்றினோம். "தப்பு என்னோடது. அமைதியா போகணும்னு நினைக்கறவங்களை நான் கேக்கவே இல்ல" என்றீர்கள். எங்கள் சோற்றை ஆறவைத்த உங்கள் நெடுங்கூட்டங்களையும் நாங்கள் மறந்துவிடவில்லை. இப்போதே அவற்றுக்காக ஏங்கவும் தொடங்கிவிட்டோம்.

நேற்று உங்கள் கணவர் எங்களைத் தனியே அழைத்து, இந்த வாழ்த்து மடலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே வாசிக்கிறோம்: "ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போய் என்ன வேணும்னு கேட்டுட்ட. இனி என்கிட்டயும் ஒரு தடவை கேளு. நான் ரொம்ப நாளா வரிசையில நிக்கிறேன்."

மேடம், அவரைக் காக்கவைக்காதீர்கள். நோயின்றி, நோவின்றி, முழங்கால் வலியின்றி, நெடுங்காலம் இருவரும் பேசித் தீராமல் வாழுங்கள்!

உங்களோடு மூச்சு வாங்கப் படியேறிய
சேவைப் பிரிவு மெக்கானிக்குகளும் அலுவலகத்தாரும்