தங்கும் ஈ, ஓடும் ஈ

மேசையில் வாழைப்பழத்தை இரண்டு நாள் விட்டால் ஈ மொய்க்கும், ஐயா. மற்றவர்கள் மருந்தடிப்பார்கள். நானும் என் தங்கையும் அதைப் பிடித்து வளர்த்தோம். அதுதான் எங்கள் வேலை.

தோட்டம் தோட்டமாகப் போய் அவள் பிடித்து வருவாள். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, எது எவ்வளவு தூரம் நகர்கிறது என்று நான் அளப்பேன். ஒரே மரத்தடியில் பிடித்தவைதான். ஆனாலும் சில, இரையை விட்டு அசையாது. சில, தின்றது பாதி தின்னாதது பாதியாகக் கிளம்பிவிடும். எல்லாம் மரபணு.

அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்தது நான். படிக்க வைத்தேன். என் ஆய்வகத்திலேயே வேலை, என் வீட்டிலேயே அறை. அவளுக்கு வந்த கடிதங்களை நான் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன். இரண்டு வரன்கள் வந்தார்கள்; அவளுக்கு எதற்குச் சிரமம் என்று நானே பேசி அனுப்பிவிட்டேன்.

போன மாதம், வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள்.

"இங்க உனக்கு என்னம்மா குறை?" என்று கேட்டேன்.

கையிலிருந்த கண்ணாடிக் குழாயை மேசையில் வைத்தாள். "தங்குற ஈயும் ஓடும்ணா. கூட ஒரு முரட்டு ஈயைப் போட்டா போதும். நானே அளந்து பார்த்துட்டேன்."

அதைத் தன் கட்டுரையிலும் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். பிறவிக் குணத்துக்கு அடுத்தவர்மேல் பழி போடுவது ஆராய்ச்சியாகாது.

வெளியூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, கடைசியாக ஒருமுறை தோட்டத்துக்குப் போகிறேன் என்றாள். அவள் சைக்கிளின் இரண்டு பிரேக் கம்பிகளையும் குறடால் முக்கால்வாசி நறுக்கி வைத்தேன். தோட்டத்துக்குப் போகும் வழி இறக்கத்தில் லாரி வரும் என்று தெரியாது எனப் பொய் சொல்லமாட்டேன். எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு வாரம் நின்று பார்த்திருந்தேன்.

முதுகெலும்பு போயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை, இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னபிறகுதான் எனக்குப் பசித்தது.

மூன்று வேளையும் நானே ஊட்டுகிறேன். என் காலடிச் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறாள். பேச்சும் நின்றுவிட்டது. பாவம், இப்போதுதான் அவள் மனசு ஒரு நிலைக்கு வந்திருக்கிறது.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்களானால் கொடுங்கள் ஐயா, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். நான் போகாவிட்டால் அவள் சாப்பிடமாட்டாள்.