நோன்புக் கஞ்சிக்குப் போன உப்பு

—மிஷினை ஒரு தட்டு தட்டிட்டு மறுபடியும் பாரு விண்ணரசி. நோன்பு வச்ச உடம்புக்குப் பிரஷர் எங்கேருந்து ஏறும்?

—ரெண்டு தடவை பாத்துட்டேன் கமருக்கா. போன மாசம் அழகா இறங்கியிருந்துச்சு. இப்ப பழையபடி ஏறிக் கெடக்கு. பாருங்கக்கா, மறைக்காம சொல்லுங்க. ஆராய்ச்சிக்குன்னு நாங்க குடுக்குற உப்பைத்தான போட்டுச் சமைக்கிறீங்க?

—அதான் காலி பாக்கெட்டையெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்ல?

—காலியாத்தான் இருக்கு. ஆனா அடுப்படியில கடை உப்பு பிரிச்சு வச்சிருக்கே?

—அது மீன் கழுவ.

—மீன் கழுவுற உப்பு மஞ்சத்தூள் டப்பா பக்கத்துல, கரண்டி போட்டா இருக்கும்?

—போலீசு வேலைக்குப் போக வேண்டியவ நீ. தப்பி ஆராய்ச்சிக்கு வந்துட்ட. சரி, உக்காரு. நோன்பு வாயால இன்னொரு பொய் வேணாம்.

—கோச்சுக்க மாட்டேன், சொல்லுங்க. உப்பு எங்க போச்சு?

—பள்ளிவாசல் கஞ்சிக்கு.

—எதுக்கு?

—நோன்புக் கஞ்சிக்குத்தாம்மா. காய்ச்சுறது நம்ம இப்ராஹிம் பாய். நோன்பு பொறந்த அன்னைக்கே அவர்கிட்ட குடுத்துட்டேன். கடை உப்பை நிறுத்திட்டு இதையே போடுங்க பாய், பிரஷருக்கு நல்லதாம்னு சொன்னேன். மனுஷன் கையேந்தி எனக்காக துஆ செஞ்சாரு.

—ஐயோ அக்கா!

—நீ ஐயோங்கற. எனக்கு மட்டும் என்ன ஆசையா? நீங்க குலுக்கல் போட்டீங்க. எங்க வீட்டுக்கு நல்ல உப்பு, எதிர்வீட்டு அனீஸாவுக்கு வெறும் உப்பு. அவளுக்கு என்னைவிடப் பிரஷர் கூட. காய்கறி வண்டி முன்னாடி நின்னு, “எங்களுக்கெல்லாம் ஒரு உப்பு, பணக்காரங்களுக்கு ஒரு உப்பு”ன்னா. நாலு பேர் கேக்க! என் முகத்தை எங்க கொண்டு வச்சுக்கறது?

—அது குலுக்கல்ல விழுந்தது அக்கா, இதுல பணக்காரங்க எங்க வந்தாங்க? ஒரு பக்கம் இந்த உப்பு, ஒரு பக்கம் சாதா உப்பு. அப்பதான் மாரடைப்பும் பக்கவாதமும் இதால குறையுதான்னு ஒப்பிட்டுப் பாக்க முடியும்.

—உங்க ஒப்பீடு உங்க ஆஸ்பத்திரியில. இந்தத் தெருவுல ஒரு வீட்டுல இடியாப்பம் புழிஞ்சா நாலு வீட்டுக்குத் தட்டு போகும். பக்கத்து வீட்டைப் பாக்க வச்சுட்டுத் தின்னா தொண்டையில எறங்குமா? என்னைப் பாத்துட்டு மத்த வீட்டுக்காரங்களும் கொண்டுபோய்க் கொட்டிட்டாங்க.

—மத்த வீட்டுக்காரங்களா? யாரெல்லாம்?

—உன் குலுக்கல்ல விழுந்த எல்லாரும்தான். யாரும் ஒத்தையா வச்சுத் திங்கல. ஆனா ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் நீ வந்து, “உப்பு போடுறீங்களாக்கா?”ன்னு கேக்குறப்ப, ஆமான்னு தலையாட்டிட்டு உள்ள போய் முகத்தைக் கழுவிக்குவேன். கூசிப் போவேன் புள்ள. வெயில்ல சைக்கிள் மிதிச்சு வர்ற பொண்ணை ஏமாத்துறோமேன்னு.

—அதை விடுங்கக்கா. கஞ்சியை யாரெல்லாம் குடிக்கிறாங்க?

—இது என்ன கேள்வி? ஊரே குடிக்குது. நோன்பாளிங்களுக்கு ஊத்துன மிச்சத்துக்கு வரிசை நிக்கும். அறுப்புக்கு வந்த சனம், டீக்கடை இளையபெருமாள், உங்க மாதா கோயில் தெருக்காரங்க. தூக்குவாளியோட வந்தா யாரா இருந்தாலும் ஊத்துவாரு. ஏன், உன் மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

—அந்த உப்புல பாதி உப்பே இல்லக்கா, பொட்டாசியம்னு ஒண்ணு கலந்திருக்கு. நல்ல உடம்புக்கு அது நல்லது. கிட்னி கெட்டவங்களுக்கு ஆகாது. அதை வெளியேத்த முடியாம ரத்தத்துல ஏறிக்கும். கை கால் துவளும். மிஞ்சிப் போனா இதயமே நின்னுடும்.

—யா அல்லாஹ்! இதை ஏன் நீ எங்ககிட்ட சொல்லல?

—வீட்டுல யாருக்காச்சும் கிட்னிக் கோளாறு உண்டான்னு கேட்டேன்.

—கேட்ட. இல்லைன்னேன். வெளியில குடுக்கக்கூடாதுன்னு சொன்னியா?

—அடுத்த வரி அதுதான். படிச்சுக் காட்டணும். படிக்கல.

—ஏன்?

—முதல் தெருவுல படிச்சேன்க்கா. “நெஞ்சு நின்னுடும்னா எலிக்கு வைக்கிறதையா எங்களுக்குக் குடுக்குற?”ன்னு கதவைச் சாத்துனாங்க. அந்தத் தெருவுல ஒரு வீடுகூடச் சேரல. ஆள் சேக்கலைன்னா வேலைக்கு வராதன்னு ஆராய்ச்சி நடத்துற சார் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் உங்க தெருவுலேருந்து அந்த வரியை முழுங்கிட்டேன். நீங்க என்னை ஏமாத்துனதா சொல்றீங்க. ஏமாத்துனது நான். வெக்கமா இருக்குக்கா. உங்க மூஞ்சியப் பாத்துப் பேசவே முடியல.

—வெக்கத்தை அப்புறம் படலாம், அது எங்கயும் ஓடாது. இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு.

—கஞ்சியை ஊத்தக்கூடாது. இப்பவே நிறுத்தணும்.

—இரு, போன் போடுறேன்... இப்ராஹிம் பாய், கமருன்னிஸா பேசுறேன். இன்னைக்குக் கஞ்சியை ஒருத்தருக்கும் ஊத்தாதீங்க. கெட்டதெல்லாம் ஒண்ணுமில்ல, உப்புல கோளாறு. ஆமா, நான் குடுத்த உப்புதான்... என்னைத் திட்டுங்க பாய், நல்லாத் திட்டுங்க. ஆனா ஊத்தாதீங்க... வச்சுட்டாரு. சட்டியை எறக்கிட்டாராம். பேரீச்சம்பழத்தை வச்சு நோன்பு தொறக்கச் சொல்றாராம்.

—ஊர்ல கிட்னிக் கோளாறு உள்ளவங்க யார் யாருன்னு யோசிங்கக்கா. இத்தனை நாள் குடிச்சிருப்பாங்களே!

—தையக்கடை ஷேக் பரீதுக்குக் கல்லு இருந்துச்சு. அது வேறயோ?

—வேறதான். ஆனாலும் பாத்துடலாம். நான் பள்ளிவாசல் மைக்குல சொல்லச் சொல்றேன். எங்க சார்கிட்டயும் சொல்லிடுறேன். வேலை போனாப் போகட்டும்.

—இப்பதான் நீ பொம்பளை.

—ஒரே ஒரு ஆறுதல், எங்க அப்பா இதுல மாட்டல. அவருக்கு கிட்னி ரொம்ப மோசம்க்கா, டயாலிசிஸ்க்கு நாள் குறிக்கிற நெலமை. அதனாலதான் பக்கத்துத் தெருவுலயே இருந்தும் எங்க வீட்டை ஆராய்ச்சியில சேக்கல. தினம் காலையில உப்பில்லாம சமைச்சு மூடி வச்சுட்டுத்தான் கெளம்புறேன். வெளியில பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாரு.

—காலையில எப்படி இருந்தாரு உங்க அப்பா?

—காலு ரெண்டும் கனக்குது, எழுந்திரிக்க முடியலைன்னாரு. வெயில்ல அசதியா இருக்கும், படுங்கப்பான்னு சொல்லிட்டு வந்தேன். ஏன் கேக்குறீங்க?

—சைக்கிளை விடு, எங்க மச்சான்கிட்ட காரை எடுக்கச் சொல்றேன், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். உன் உப்பில்லாச் சோத்தை அந்த மனுஷன் தினமும் காக்காய்க்குத்தான் வச்சாரு விண்ணரசி. கிட்னிக் கோளாறுன்னு வாயே தொறக்காம, மகளுக்குத் தெரிஞ்சா வெக்கக்கேடுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு, நோன்பு பொறந்ததுலேருந்து நான் தூக்குவாளியில கொண்டுபோற கஞ்சியைத்தான் குடிச்சுட்டு இருக்காரு.