ஏழு முடிச்சு இழை

எனக்கு ஞாபகசக்தி குறைவு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிறவன். ஆகவே தேதிகளில் பிழை இருக்கலாம், வக்கீல் ஐயா. நடந்தவற்றில் இருக்காது என்று நம்புகிறேன்.

என் மனைவி தேனம்மை ஒருமுறை கேட்ட போன் நம்பரை மறக்கமாட்டாள். நான் சொந்த நம்பரையே பார்த்துச் சொல்கிறவன். வீட்டில் ஒருவருக்கு மறதி இருந்தால்தான் மற்றவருக்கு மரியாதை என்று தோன்றியது. அந்த ஒருவர் நானாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் சாவியை இடம் மாற்றி வைத்தேன். அவள் தேடுவாள், நான் கண்டுபிடித்துக் கொடுப்பேன். வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தவை அந்தச் சாவிகள் மட்டுமே.

பிறகு பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து எங்கள் வீடுகளில் தினம் ஒரு நூல் இழை எடுத்து வைப்பார்கள். இருபத்தோராம் நாள் அவற்றைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். தேனம்மை டப்பாவில் சேர்த்த இழைகளில் இரண்டை நான் எடுத்துவிட்டேன்.

“ஒரு நாள்கூட விடலையே ஆச்சி,” என்றாள் என் அக்காள் மீனு ஆச்சியிடம்.

“இருவத்தோரு நூல எண்ணத் தெரியல, நீ பிள்ளைய எப்படித்தா வளக்கப்போற?” என்றார் மீனு ஆச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. “விடுங்க ஆச்சி, அவளுக்கு உடம்பு சரியில்ல,” என்றேன். நல்ல கணவன் என்று பெயர் கிடைத்தது.

அதன்பின் கேஸ் அடுப்பு. அவள் துணி காயப்போட மாடிக்குப் போகும்போது குமிழைத் திருகிவிடுவேன். வாடை வந்ததும் நானே ஓடிப்போய் மூடுவேன். எங்கள் மகள் கீர்த்திக்கு அப்போது மூன்று வயது. அடுத்த அறையில் தூங்குவாள். ஐந்தாறு தடவைக்கு மேல் இருக்காது.

தேனம்மை பிள்ளையைத் தூக்கவே பயந்தாள். “என்னைய நம்பி விடாதீக,” என்று அவளே சொன்னாள். அடுத்த வருட நோன்பு முடிந்ததும் கீர்த்தியை மீனு ஆச்சி வீட்டில் விடுவதென்று முடிவானது.

அந்த நோன்பின் இருபதாம் நாள் மாலை டப்பாவை என்முன் கவிழ்த்தாள். இழைகளில் முடிச்சுகள். முதல் நாள் இழையில் ஒன்று, இரண்டாம் நாள் இழையில் இரண்டு. அவ்வளவு சிறிய முடிச்சு என் கண்ணில் படவில்லை. நான் வேட்டியையே பெல்ட் போட்டுக் கட்டுகிறவன்.

“ஏழு முடிச்சு இழையக் காணோம்,” என்றாள்.

“மறந்திருப்ப, தேனு.”

“எட்டு போட்டவளுக்கு ஏழு மறக்குமா? எங்குட்டு வச்சிருக்கீக?”

கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை துடைத்தேன். அவளும் அவசரப்படவில்லை. கடைசியில் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் திட்டவில்லை. முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினாள்.

“அப்ப அடுப்பு?”

“அதுவும் நான்தான்.”

தேனம்மை இப்போது திருப்பத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். முதல் ஆறு மாதம், அடுப்பை மூடியதும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வாளாம். இப்போது எடுப்பதில்லை. கீர்த்தி அவளோடு இருக்கிறாள். மீனு ஆச்சி என்னோடு பேசுவதில்லை. நான் காரைக்குடி வீட்டில் தனியாக இருக்கிறேன். அவளுடைய மறதி குணமானதில் என் பங்கும் உண்டு என்று, கீர்த்தியைப் பார்க்க அனுமதி கேட்டு நாம் போடும் மனுவில் ஒரு வரி சேர்க்க முடியுமா, பாருங்கள்.