தன் கவிதையைத் தானே திருப்பியவர்

மூதூர்ப் படகுக்காகத் திருகோணமலைத் துறைமுகத்தில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் தன்னுடன் வந்தவரிடம் சொன்னார்:

“அந்தாள் தன்ர கவிதையைத் தானே வேண்டாமெண்டு திருப்பினவராம், மச்சான்.”

“ஆர்?”

“செர்பியாவில இருந்து வந்து எங்கட வீட்டில தங்கின கவிஞர். இளம் வயசில அவற்ற கவிதையை ஒருத்தரும் புத்தகமாப் போடேல்லையாம். அந்தக் கோவத்தில தானே பதிப்பகம் தொடங்கி, மற்ற ஆக்களின்ர புத்தகங்களைப் போட்டு நல்ல பேர் எடுத்திட்டார்.”

“பிறகு தன்ரயையும் போட வேண்டியதுதானே?”

“அதுக்கெண்டுதான் எடுத்து வாசிச்சவராம். பதிப்பாளராப் பாத்தால் இது சரிவராது எண்டு மூடி வச்சிட்டார். அவற்ற மனுசி விடேல்லை. போட்டிப் பதிப்பகத்திட்டக் கொண்டுபோய்க் குடுத்திட்டா. அவை போட்ட உடன புத்தகம் எல்லாம் வித்துப் போச்சுது.”

“அப்ப சந்தோசம்தானே!”

“எங்கத்தைய சந்தோசம்? இவ்வளவு நல்ல புத்தகத்தைக் கைவிட்டிட்டன் எண்டு இப்பவும் புலம்புறார். எங்கட குசினியில இருந்து புட்டுச் சாப்பிடேக்கையும் அதே கதைதான்.”

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“உங்கட பதிப்பகத்துக்கு நான் தந்த கவிதையள் கனநாளாக் கிடக்குது. வாசிச்சனீங்களோ?”

“ஓம், வாசிச்சனான்.”

அந்தப் பெண் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். படகு வந்தது. வரிசை நகர்ந்தது.

“மச்சாள், இஞ்ச உங்களுக்குப் போட்டியா ஆர் புத்தகம் போடுகினம்?”

மச்சாள் ஒரு பெயரைச் சொன்னார். கேட்காமலேயே தொலைபேசி எண்ணையும் சொன்னார்.