பவித்ரன் வாசித்த கடைசிப் பக்கம்

பீடி சுற்றுகிறவனுக்குக் கைக்குத்தான் வேலை, காதுக்கு இல்லை. அதனால்தான் எங்கள் கண்ணூர்க் கம்பெனியில் ஒருவனை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வோம். காலையில் பேப்பர், சாப்பாட்டுக்குப் பிறகு நாவல். வாசிக்கிறவனுக்குக் கூலி போய்விடக்கூடாது என்று ஆளுக்கு ஒரு பிடி பீடியை அவன் முறத்தில் போடுவோம். எங்களுக்கு வாசித்தவன் பவித்ரன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இன்ஸ்பெக்டர் சார். யாரையும் சுலபத்தில் நம்புகிறவனும் இல்லை. அவன் குரலை நம்பினேன்.

அவன் வாசித்ததில் ஒரு தோணிக்காரன் கதை. பெண்டாட்டி விட்டுப் போகிறாள். அவன் துறையிலேயே காத்திருக்கிறான். வருஷங்கள் கழித்து ஒரு மழைநாளில் அவளே திரும்பி வந்து தோணியில் ஏறுகிறாள். பவித்ரன் வாசித்து முடித்தபோது ஒருவரும் பீடி இலையைத் தொடவில்லை.

கம்பெனி மூடிய பிறகு அந்தப் புத்தகத்தை நான் கேட்காத வாசகசாலை இல்லை. எழுதினவனையே யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் எங்கள் வாசகசாலைப் பெண் ஷைஜா, கரையான் அரித்த அலமாரியை ஒழித்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் முறை வைத்து என்னை ஏட்டா என்றுதான் கூப்பிடுவாள்.

“கணாரேட்டா, உங்க தோணிக்காரன் இன்னும் சாகல. எங்கிட்ட மாட்டிக்கிட்டான்.”

“தூசி தட்டிட்டு வாசி. ஒரு வரி விடாதே.”

சாயங்காலங்களில் வந்து வாசித்தாள். கடைசி நாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். தோணிக்காரன் துறையிலேயே கிடந்து சாகிறான். பெண்டாட்டி வரவில்லை.

“அடுத்த பக்கத்தைத் திருப்பு.”

“அவ்வளவுதான் ஏட்டா. இதுக்கப்புறம் அச்சகத்து விலாசம்தான் இருக்கு.”

மறுநாள் காலையில் பவித்ரனிடம் போனேன். புகையிலைத் தூள் நெஞ்சைத் தின்று கட்டிலோடு கிடந்தான். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். கேட்டேன். சிரித்தான்.

“அட மடையா, இன்னுமா அதை நம்பிட்டிருக்கே? அப்ப உன் பொண்டாட்டி சௌமினி கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயி ஒரு வாரம். நீ இலையை வெட்டாம விரலை வெட்டிக்கிட்டிருந்தே. பார்க்கச் சகிக்கல. அதான் நானே அவளைக் கூட்டியாந்து தோணியில ஏத்திவிட்டேன்.”

“என் ஆயுசுடா, பவித்ரா.”

“ஒரு வாரம் தாங்கட்டும்னு சொன்னேன். ஆயுசுக்கும் யாரு வெச்சுக்கச் சொன்னா?”

சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகிவிட்டது. பலகையில் இருந்த, இழுப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குழலைக் கைகாட்டினான். எடுத்தேன். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் என் வேட்டியைப் பிடித்தான். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மருந்தை அது இருந்த இடத்திலேயே வைத்து, அவன் கண்ணை மூடிவிட்டு வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்து சொல்கிறேன். கோபமெல்லாம் இல்லை சார். அலுப்புதான்.

சௌமினியைப் பற்றிக் கேட்டீர்கள். தூரம் ஒன்றும் இல்லை, ஆற்றுக்கு அந்தப்பக்கம்தான் அவள் அண்ணன் வீடு. இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ‘இனிமே கை நீட்ட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க’ என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். கதையில் தோணிக்காரன் போய்க் கூப்பிடவில்லை. அதனால் நானும் போகவில்லை. எங்களைப் பிரித்தவன் பவித்ரன்தான் சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.