இருவராக வந்தால்தான் சீட்டு

விழாவின் தலைமைப் பொறுப்போடு எங்கள் பணிமனையின் கிரீஸ் வாசனையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும் சுகாதாரத் துறை இயக்குநர் அம்மையார் அவர்களே! தாமதமாக வருபவனை ஒற்றைப் பார்வையில் ஒடுக்கிவிடும் மேலாளர் அவர்களே! வயதால் மூத்து வாஞ்சையால் வளர்ந்த பெரியோர்களே! எங்களைப் பெற்றெடுத்த தாய்மார்களே, எங்களைப் பொறுத்துக்கொண்ட மனைவிமார்களே! டயர் அறைத் தோழர்களே! தொழிற்பள்ளியிலிருந்து வந்து நடுவரிசையை மொத்தமாகப் பிடித்துக்கொண்ட தம்பிமார்களே! பதினேழு ஆண்டுகளாக "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்திக் கத்தித் தேய்ந்த ஒரு கண்டக்டரின் குரல், உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறது.

பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இயக்குநர் அம்மையார் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். அம்மா, பயப்படாதீர்கள், இது கடைசி நிறுத்தம் வரை போகும் வண்டி அல்ல.

சென்ற ஆண்டு இதே நாளில் அரசு நமக்கு ஓர் அறை தந்தது. டயர் அறைக்குப் பக்கத்தில், வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, "ஆண்கள் நலப் பிரிவு" என்று பலகை மாட்டித் தந்தது. எடை பார்க்க இயந்திரம் வந்தது. ரத்த அழுத்தம் பார்க்கக் கருவி வந்தது. மனம்விட்டுப் பேச இரண்டு நாற்காலி வந்தது. எல்லாம் வந்தது. ஆண்கள் வந்தார்களா? பிரேக்கில் கீச்சென்று சத்தம் கேட்டால் பின்னங்கால் பிடரியில் பட மெக்கானிக்கிடம் ஓடுகிற நாம், நெஞ்சில் சத்தம் கேட்டால் எங்கே ஓடுகிறோம்? ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறோம்!

மூன்று மாதத்தில் அந்த அறைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூடத் தனக்காக வரவில்லை. அத்தனை பேரும் 'ஒரு நண்பனுக்காக' வந்தவர்கள்.

"சிஸ்டர், என் கூட்டாளி ஒருத்தனுக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது. மாத்திரை இருந்தா குடுங்க, நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"எந்தக் கூட்டாளி?"

"உங்களுக்குத் தெரியாது சிஸ்டர்."

இதைச் சொன்ன மெக்கானிக் அண்ணனுக்கு அப்போதே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது! ஆம் அண்ணே, உங்களைத்தான். எழுந்து நிற்க வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நம் செவிலியர் அம்மா சிரித்தார்கள். பிறகு சிந்தித்தார்கள். பிறகு துறைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். "இந்த ஆண்கள் தங்களுக்காக நடந்துகூட வர மாட்டார்கள், அடுத்தவனுக்காக ஓடியே வருவார்கள். அதற்கேற்ப விதியை மாற்றித் தாருங்கள்." அரசு மாற்றியது! அலுவலகத்தில் கடிதம் தூங்கும் என்பீர்கள். இந்தக் கடிதம் தூங்கவில்லை. ஒரு சீட்டில் இரண்டு பெயர். தனியாக வந்தால் அனுமதி இல்லை. துணைக்கு வந்தவருக்கே முதல் பரிசோதனை. இதுதான் புதிய விதி.

இந்த விதிதான் இன்று என்னை உங்கள் முன் நிறுத்தியிருக்கிறது. எப்படி?

என் ஓட்டுநர் அண்ணனை உங்களுக்குத் தெரியும். அவர் மனைவி மறைந்து பத்தாம் நாள் வேலைக்கு வந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதன்பிறகு எட்டு மாதம் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசவே இல்லை. "சாப்பிட்டீங்களாண்ணே?" என்பேன். "ஆச்சு" என்பார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் இரண்டு முறை விசில் அடித்தேன். அவர் அசையவில்லை. கண்ணாடி வழியே எதையோ பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மனிதரை நான் இழக்கப்போகிறேன் என்ற பயம் அன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

"சிஸ்டரைப் பாத்துட்டு வரலாமாண்ணே?" என்றால் வருவாரா? வர மாட்டார். அதனால் புளுகினேன்.

"அண்ணே, எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியா அடைக்குதுண்ணே. தனியா போனா சேத்துக்க மாட்டாங்களாம்."

"ஏன்டா இத்தனை நாளா சொல்லல?" என்று என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

"கூட வந்தவர் முதல்ல உக்காருங்க" என்றார்கள் செவிலியர் அம்மா.

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், இவனைப் பாருங்க."

"விதி அண்ணே, உக்காருங்க."

எடை பார்த்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "கடைசியா எப்போ நல்லாத் தூங்கினீங்க?" என்று கேட்டார்கள்.

அண்ணன் சுவரைப் பார்த்தார். "அவ போனதுலேருந்து கட்டில்ல படுக்கவே இல்ல சிஸ்டர்" என்றார். தாய்மார்களே, அந்த மலை உடைந்தது! அழுதார், பேசினார், மறுபடி அழுதார். முக்கால் மணி நேரம்! அவர் மனைவி நன்றாகப் பாடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பதினேழு ஆண்டுகள் ஒரே வண்டியில் போன எனக்கு அன்றுதான் தெரியும்.

வந்த வேலை முடிந்தது என்று நான் நழுவப் பார்த்தேன். "நான் சும்மா சொன்னேன் சிஸ்டர்."

"சீட்டுல ரெண்டு பேர் இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். அழுத்தம் பார்த்த அந்த அம்மாவின் முகம் மாறியது. ஒரு மணி நேரத்தில் பெரிய மருத்துவமனையில் இருந்தேன். இதயத்துக்குப் போகும் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு! என்ன கேட்கிறீர்கள்? முன்பே வலித்ததா? வலித்தது. நான் குடித்த சோடாக்களைக் கேட்டால் சொல்லும். நான் புளுகிய புளுகை என் உடம்பே உண்மையாக்கிவிட்டது.

உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். என் மனைவி வெளியூரில். கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? அண்ணன் பேனாவை வாங்கினார். "நோயாளி உங்களுக்கு என்ன உறவு?" என்று ஒரு கட்டம். பிழைத்து எழுந்த பிறகு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். யாரையும் கேட்காமல், யோசிக்காமல், "தம்பி" என்று எழுதியிருந்தார்.

எது வீரம் தோழர்களே? வலியை மறைப்பதா வீரம்? வாய் மூடிக் கிடப்பதா வீரம்? கூட்டாளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது வீரம்! "எனக்கும் முடியவில்லை" என்று சொல்லிவிடுவது அதைவிடப் பெரிய வீரம்! அரசு அறை தரலாம், ஆள் தரலாம், விதியை மாற்றித் தரலாம். அந்த வாசலைத் தாண்டும் கால் நம்முடையது. திங்கட்கிழமை தொழிற்பள்ளியில் இதே போன்ற இன்னொரு அறை திறக்கிறார்கள். தம்பிமார்களே, என்னைப் போலப் புளுகிவிட்டு வராதீர்கள். சிரிக்கிறபோது தோளில் கை போடுகிற நீங்கள், அழுகிறபோதும் தோளில் கை போட்டு இருவர் இருவராக வாருங்கள்!

ஒரு நிமிடம்... முன்வரிசையில் யாரோ எழுந்து நிற்கிறார். ஒலிபெருக்கி இல்லாமலே சத்தம் போடுகிறார்.

"டேய், பேசினது போதும்! மதிய மாத்திரை போட்டியா இல்லையா?"

கேட்டீர்களா? எட்டு மாதம் வாய் திறக்காத மனிதர் எண்ணூறு பேர் நடுவில் என்னைத் திட்டுகிறார்! இதைவிட எனக்கு என்ன மாலை வேண்டும்? போடவில்லை அண்ணே, இதோ இறங்கி வருகிறேன்.

கேட்டுச் சிரித்த உள்ளங்களுக்கும், கேட்டுக் கலங்கிய கண்களுக்கும், கடிதத்தைப் படித்த அதிகாரிகளுக்கும், எழுதிய செவிலியர் அம்மாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அந்த நெஞ்சு இப்போது நன்றாக வேலை செய்கிறது. அனைவரும் நலமாய் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!