அத்தர் பூசிய நாள்

இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறார்கள். கணவனை இழந்தவள் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டிய அறை. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது. பிள்ளைகளைக் கணவரின் தங்கை ஹம்ஸியா பார்த்துக்கொள்கிறாள். கல்யாணமான பிறகு நான் பகலில் படுத்துக் கிடப்பது இதுதான் முதல் தடவை.

என் கணவர் ஜௌபருக்குப் பதுளைக் கடைத்தெருவில் சீலைக் கடை. நல்ல மனிதர். என்மேல் கை நீட்டியதில்லை, பழைய சோற்றுக்கு முகம் சுளித்ததில்லை. எங்களுக்கு எட்டுப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்தபோது இரத்தம் நிற்கவேயில்லை. மருத்துவிச்சி லரீபா என் காலடியில் உட்கார்ந்து, "இன்னொண்டு ஒன்ட ஒடம்பு தாங்காது மகள், மவுத்தாப் போயிடுவாய்" என்றார். அதை என் கணவரிடம் சொன்னேன். கொஞ்சக் காலம் என்னைத் தனியே விடுங்கள் என்று பல தடவை கேட்டேன். "படைச்சவனுக்குத் தெரியாதா மர்லியா?" என்று சிரித்துக்கொண்டே விளக்கை அணைப்பார். என்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை.

நான் வாடிப்போயிருப்பது அவர் கண்ணிலும் பட்டது. அதற்கு அவர் கண்ட வைத்தியம் ஒரு பயணம். கொஸ்லந்தைக்குக் கீழே, காட்டுக்குள், பழைய ராசாக்கள் கட்டிய கோயில் இடிந்து கிடக்கிறதாம். துரைமார் மனைவியரோடு போய்ப் பார்க்கிறார்களாம். "புள்ளைகள் வாணாம். நீயும் நானும் மட்டும்" என்றார். பிள்ளைகள் இல்லாத இடத்தில் அவர் எதற்கு வழி பார்ப்பார் என்று எனக்குத் தெரியாதா?

கொஸ்லந்தையில் அவருடைய கூட்டாளி நிஸாம் வீட்டில் தங்கினோம். முன்கூடத்தில் ஆண்கள், பதுளைக்கு ரயில் வரப்போவதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் நிஸாமின் மனைவி பலீலா என் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கல்லுல மலைத்தேனீ கூடு கட்டியிருக்கு. அத்தர் பூசிட்டுப் போவ வாணாமுண்டு அவங்கள்ட்டச் சொல்லுங்க. போன வருஷம் ஒத்தர் அப்படித்தான் மவுத்தானாரு. தேனீ கலைஞ்சா, புதருக்குப் பொறத்தால ஒரு குளமிருக்கு, அதுல எறங்கிடுங்க. எங்கட ஆளுக்கு இதெல்லாம் நெனவிருக்காது."

அந்நிய ஆணின் முன்னால் அவள் வரமாட்டாள். எங்கள் வீடுகளில் அடுப்படிச் சேதி முன்கூடத்துக்குப் போவதென்றால் மனைவியின் வாய்வழியாகத்தான் போக வேண்டும். நான் "சரி" என்றேன்.

மறுநாள் வண்டி ஊரைத் தாண்டியதும் அத்தர்ச் சீசாவை எடுத்தேன். வழக்கமாகப் பஞ்சில் ஒரு துளி நனைத்து அவர் காதில் வைப்பேன். அன்று கழுத்திலும் சால்வையிலும் தொப்பி ஓரத்திலும் தாராளமாகப் பூசினேன்.

"இண்டைக்கு என்ன இவ்வளவு?"

"நாம தனியாப் போறோமே" என்றேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது, பாவம்.

வண்டிக்காரர் ரெங்கசாமி மாடுகளோடு கீழேயே நின்றுகொண்டார். நாங்கள் நடந்தோம். கல்தூண்கள் சாய்ந்து கிடந்தன. தலையில்லாத பெரிய சிலை ஒன்று பாறையடியில் நின்றது. பாறையின் மேலே தேன்கூடுகள் நனைந்த சாக்குகள் மாதிரித் தொங்கின. அவர் ஒரு தூணடியில் பாய் விரித்தார். தோடம்பழம் உரித்து, விதையெல்லாம் எடுத்துவிட்டு, சுளைகளை என் கையில் வைத்தார். எந்தப் பிள்ளையும் அழவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் தின்றதில்லை. பலீலா சொன்னதை அப்போதுகூட அவரிடம் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் என் தோளில் கை போட்டு, "இண்டைக்கும் கொஸ்லந்தையிலேயே தங்குவமா?" என்று கேட்டார்.

"எனக்குக் கால் வலிக்குது. நீங்க போய் அந்தச் சிலையைக் கிட்டப் பாத்துட்டு வாங்க" என்றேன்.

போனார். கொஞ்ச நேரத்தில் மேலே கூடு இருண்டு அசைந்தது. "மர்லியா, ஓடு" என்று கத்தினார். நான் ஓடவில்லை. புதருக்குப் பின்னால் போய்க் குளத்தில் இறங்கி, முக்காட்டை நனைத்துத் தலையை மூடிக்கொண்டேன். குளம் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார். என் பக்கம் தேனீக்கள் வரக் கூடாது என்றோ என்னவோ, அவர் எதிர்ப்பக்கமாக ஓடினார். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.

ரெங்கசாமி சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஆத்தா, மொதலாளி வாசனை ஏதும் பூசியிருந்தாங்களா?"

"எப்பயும் பூசுவார்" என்று சொல்லி அழுதேன். அழுகை பொய்யில்லை. அவர் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இத்தா தொடங்கும்போது வயிற்றில் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லையென்றால் நாலு மாதமும் பத்து நாளும், உண்டென்றால் பிள்ளை பிறக்கும்வரை இத்தா. சின்னவனுக்கு இன்னும் பால் கொடுக்கிறேன், தீட்டு வராதது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. இல்லை என்றேன். நேற்று லரீபா வந்து என் வயிற்றைத் தொட்டார். வைத்த கையை எடுக்கவே இல்லை. பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான்தான் அவரைத் தேற்றினேன். இனி இத்தா நீளும், பிள்ளை வரும்வரை என்னை யாரும் எழுப்பமாட்டார்கள் என்று சொன்னேன்.

அவர் இருந்திருந்தால் இந்தச் சேதியைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரை அந்தத் தேனீக்கள் இப்படிச் செய்திருக்க வேண்டாம்.